மூன்று சீட்டு, ஒரு பென்சில், ஒரு சிவப்புப் பேனா: யாருக்கு என்ன தெரியும் என்று வரைந்து பார்ப்பது எப்படி

எங்கள் ஃப்ளாட்டில் எட்டு வீடு, மோட்டார் ஒன்று. போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது ஓடாமல் ‘உர்ர்’ என்று உறுமிக்கொண்டு நின்றது. இந்த வருடம் அசோசியேஷன் செகரட்டரி நான். வேறு யாரும் கை தூக்காததால் வந்த பதவி.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று. வோல்டேஜ் குறைந்திருக்கும், இல்லை கண்டன்சர் போயிருக்கும், இல்லை உள்ளே ஜாம் ஆகியிருக்கும். ஆறு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் மெயினை ஆஃப் செய்துவிட்டு, பின்பக்கம் ஷாஃப்ட்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிப் பார்த்து, “நல்லா சுத்துதும்மா, ஜாம் இல்ல” என்றார். ஏழரை மணிக்கு மூன்றாவது மாடி மாமா தன் மல்டிமீட்டரோடு இறங்கி வந்தார். கண்டன்சரைக் கழற்றி, டிஸ்சார்ஜ் பண்ணி, சோதித்துவிட்டு, “கண்டன்சர் ஜம்முன்னு இருக்கும்மா” என்றார். இரண்டையும் நின்று கேட்டவள் நான். கேட்டுவிட்டு எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன்.

ஒன்பது மணிக்கு வந்த தம்பி மோட்டாரைத் தொடவே இல்லை. மீட்டரை பிளக்கில் வைத்தார், 170 காட்டியது. “அக்கா, வோல்டேஜே இல்ல. பதினோரு மணிக்கு மேல போடுங்க, ஓடும்.” ஓடியது. விசிட்டிங் சார்ஜ் 500 ரூபாய்.

மூன்றில் இரண்டு இல்லையென்றால் மிச்சம் ஒன்றுதான். அது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கல்லூரியில் டிஸ்கிரீட் மேத்ஸ் நடத்துகிற எனக்கு அன்று தெரியவில்லை. இத்தனைக்கும் நடந்ததை அப்படியே காட்டுகிற ஒரு கணிதம் இருக்கிறது, அதை நான் வகுப்பில் நடத்தவும் செய்கிறேன். எபிஸ்டெமிக் லாஜிக் என்று பெயர். அறிதலைப் பற்றிய தர்க்கம். கடைசி யூனிட் முடிந்து இரண்டு வகுப்பு மிஞ்சினால் சாக்பீஸும் கையுமாக அதை எடுப்பேன். அந்த ராத்திரி 500 ரூபாய் உறுத்தியதில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சூத்திரம் எதுவும் வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, பென்சில், ரப்பர், சிவப்புப் பேனா. அவ்வளவுதான்.

சீட்டு எழுதுவது

பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தைச் சின்னச் சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு நிலைமை. நிலைமை என்றால் முழு நிலைமை: உண்மை இப்படி இருந்தால் என்னென்ன எப்படியெப்படி இருக்கும் என்பது ஒரே சீட்டில் அடங்க வேண்டும். ஃபின்லாந்துக்காரர் யாக்கோ ஹிந்திக்கா 1962இல் அறிவையும் நம்பிக்கையையும் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த வழியைத்தான் போட்டுக்கொடுத்தார். ஒருவருக்கு ஒன்று தெரியும் என்றால், அவரைப் பொறுத்தவரை இன்னும் சாத்தியமாக இருக்கும் எல்லா நிலைமையிலும் அது உண்மை. தத்துவக்காரர்கள் சாத்திய உலகம் என்பார்கள். எனக்குச் சீட்டு போதும்.

முதல் தடவை எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். தெரிந்ததையெல்லாம் சீட்டில் ஏற்றினேன். வோல்டேஜ், கண்டன்சர், ஜாம் என்று மூன்று. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, இல்லை என்று இரண்டு. பெருக்கினால் ஆறு சீட்டு. மோட்டார் ரூம் பல்பு எரிகிறதா என்று சேர்த்தால் பன்னிரண்டு. ஒவ்வொரு ஆமாம்-இல்லை விஷயமும் சீட்டுகளை இரட்டிப்பாக்கும். பத்து விஷயம் சேர்ந்தால் மூன்று சீட்டு 3,072 ஆகிவிடும். டேபிள் போதாது.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இந்தக் கட்டத்தில் முடிவு செய்ய முடியாது. அதற்குக் கேள்வி வேண்டும். இப்போதைக்கு ஆறு சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மூன்றைக் குப்பையில் போடப்போகிறோம்.

உண்மையான நிலைமை எதுவோ அந்தச் சீட்டின் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வரைகிறவருக்கு மட்டும்தான் தெரியும். சீட்டில் வருகிற ஆட்களுக்குத் தெரியாது.

பென்சில் வளையம்

ஆளுக்கு ஒரு காகிதம். காகிதத்தின் மேல் சீட்டுகளைப் பரப்பி, அந்த ஆளால் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல முடியாத சீட்டுகளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வளையம் போடுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு, உறுமல் சத்தத்தை மட்டும் கேட்ட எனக்கு எல்லாச் சீட்டும் ஒரே வளையத்துக்குள். ஷாஃப்ட்டைத் திருப்பிய வாட்ச்மேன் அண்ணனுக்கு இரண்டு வளையம்: ஜாம் தனியாக, வோல்டேஜும் கண்டன்சரும் சேர்ந்து இன்னொன்று.

படிக்கிற முறை இது: புள்ளி வைத்த சீட்டு எந்த வளையத்தில் இருக்கிறதோ அதைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் எல்லாச் சீட்டிலும் உண்மையாக இருப்பது அந்த ஆளுக்குத் தெரியும். ஒரு சீட்டில் இல்லையென்றாலும் தெரியாது. அண்ணனுக்கு ஜாம் இல்லை என்று தெரியும். வோல்டேஜ் குறைவு என்று தெரியாது.

புதிதாக ஒரு செய்தி வந்தால் வளையத்தை உடைத்து இரண்டாக்குவோம். சாதாரண எபிஸ்டெமிக் லாஜிக்கில் எந்த உண்மைச் செய்தி காதில் விழுந்தாலும் வளையம் அப்படியே உடையும். இது பிரமாதமான காது. ஒரு சொல் சிந்தாது, ஒரு நாளும் மறக்காது. இந்தக் காதை வைத்து வரைந்தால், ஏழரை மணிக்கு என் வளையத்தில் வோல்டேஜ் சீட்டு மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். கணக்குப்படி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் போன் போட்டேனே! படத்தில் ஏதோ குறைகிறது.

சிவப்புக் கட்டம்

குறைவது கேள்வி. அந்த ஆள் மனதில் என்ன கேள்வியோடு நிற்கிறார் என்பதை அதே காகிதத்தில் சிவப்புப் பேனாவால் வரைய வேண்டும்.

கேள்வியை எப்படி வரைவது என்பதற்கு ஒரு சின்னத் தந்திரம் உண்டு. கேள்வியின் வாசகத்தை விட்டுவிடுங்கள். அதற்கு என்னென்ன பதில் வரலாம் என்று பாருங்கள். ஒரே பதில் வரும் சீட்டுகளை ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். ஆஸ்திரேலியாவின் சார்ல்ஸ் ஹாம்ப்ளின் 1958இல் இந்த வழியைக் காட்டினார்: எது பதிலாகும் என்று தெரிந்தால் கேள்வி தெரிந்த மாதிரி. 1984இல் ஆம்ஸ்டர்டாமில் யெரூன் க்ரூனெண்டைக்கும் மார்ட்டின் ஸ்டோக்ஹாஃபும் சேர்ந்து எழுதிய ஆய்வேட்டில் இது முழு வடிவம் எடுத்தது. கேள்வி என்றால் சீட்டுக்கட்டைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற கோடுகள்.

சரி, எங்கள் ஆட்களின் கேள்விகளை வரைவோம்.

வாட்ச்மேன் அண்ணனின் கேள்வி: ஜாமா, இல்லையா? முந்தின வருடம் நாலு நாள் மோட்டார் போடாமல் கிடந்து ஜாம் ஆகி, அதற்கு அவர்தான் திட்டு வாங்கினார். அன்றிலிருந்து மோட்டார் என்றாலே அவருக்கு அந்த ஒரு கேள்விதான். அவர் காகிதத்தில் இரண்டு சிவப்புக் கட்டம்: ஜாம் ஒன்றில், வோல்டேஜும் கண்டன்சரும் மற்றதில்.

மாமாவின் கேள்வி: கண்டன்சர் நன்றாக இருக்கிறதா? அது அவர் பாரிமுனை வரை போய் வாங்கி வந்த கண்டன்சர். அவர் காகிதத்தில் கண்டன்சர் தனிக் கட்டம், வோல்டேஜும் ஜாமும் இன்னொரு கட்டம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் கையில் இருந்தது எலக்ட்ரீஷியன் தம்பி கொண்டுவந்த மாதிரியே ஒரு மீட்டர். பக்கத்துச் சுவரில் பிளக் இருந்தது. இரண்டு கம்பியையும் அதில் வைத்திருந்தால் 170 அப்போதே தெரிந்திருக்கும். வைக்கவில்லை. அவருடைய எந்தக் கோடும் அந்தப் பக்கம் போகவில்லை.

என் கேள்வி: ஆள் கூப்பிட வேண்டுமா? வோல்டேஜ் என்றால் வேண்டாம், காத்திருக்கலாம். கண்டன்சர் என்றாலும் ஜாம் என்றாலும் கூப்பிட வேண்டும். ஆக என் கட்டங்கள் இரண்டு: வோல்டேஜ் ஒன்றில், கண்டன்சரும் ஜாமும் மற்றதில்.

இப்போது சம்ப்புத் தண்ணீரைப் பாருங்கள். யாருடைய சிவப்புக் கோடும் அதை வெட்டவில்லை. யாருக்கும் வந்த செய்தியும் அதைத் தொடவில்லை. அப்படிப்பட்ட விஷயத்தைச் சீட்டிலிருந்து எடுத்துவிடலாம், ஆறு மூன்றாகிவிடும். கீழ்வீட்டு அக்கா வந்து “நாளைக்கு லாரி சொல்லணுமா?” என்று கேட்டிருந்தால் எடுத்திருக்க முடியாது. பொருத்தம் பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி வகைகள் என்றதும் நம்மவர்களுக்கு நன்னூல் ஞாபகம் வரும். வினா ஆறு, விடை எட்டு என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அது இந்தப் படத்தில் அழகாக உட்காருகிறது. ஆசிரியர் மாணவனைக் கேட்பது அறிவினா: கேட்கிறவரின் பென்சில் வளையம் ஏற்கெனவே ஒரே சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும். மாணவன் கேட்பது அறியாவினா: வளையம் கட்டங்களைத் தாண்டி நிற்கும். பாம்பா கயிறா என்பது ஐயவினா: மற்ற கட்டமெல்லாம் ஒழிந்து இரண்டே இரண்டு மிச்சம். பவணந்தியார் மனதில் சிவப்புப் பேனா இருந்திருக்காது. ஆனாலும் மாணவர்களிடம் இதைச் சொன்னதும் பின் பெஞ்ச் வரை நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது

பென்சில் வளையம் முழுக்க ஒரே சிவப்புக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒரு கட்டத்துக்கு மேல் பரவியிருந்தால் கேள்வி திறந்தே இருக்கிறது. செய்தி வந்தால் பென்சில் கோடு மாறும். யாராவது புதுக் கேள்வி கேட்டால் சிவப்புக் கோடு கூடும். பென்சில் அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் கலக்காதீர்கள். புதிதாக வரைகிறவர்கள் கேள்வி கேட்டதுமே வளையத்தை உடைத்துவிடுவார்கள். கேட்டதால் மட்டும் மோட்டாரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாது.

பென்சிலையும் சிவப்பையும் ஒரே படத்தில் வைத்து, கேட்பதையும் தெரிந்துகொள்வதையும் தனித்தனிச் செயலாக எழுதிக்காட்டியவர்கள் யோஹான் வான் பென்தமும் ஷ்டெஃபான் மினிக்காவும். அவர்கள் கட்டுரை 2012இல் வந்தது. அவர்கள் படத்தில் இரண்டு நிறமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாது. கேள்வியே இல்லாத விஷயமும் ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். அதாவது இன்னும் அதே பிரமாதமான காதுதான்.

காதில் விழுவதும் மனதில் தங்குவதும்

எனக்கு நடந்ததைச் சொல்ல இன்னொரு விதி வேண்டும். அலெக்ஸாண்ட்ரு பால்டாக், ரேச்சல் பாடி, சோன்யா ஸ்மெட்ஸ் மூவரும் 2018இல் எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது. ஒருவர் தன் கேள்வியைத் தொடுகிற அளவுக்குத்தான் செய்தியை உள்ளே எடுத்துக்கொள்வார். வரைகிற மொழியில் சொன்னால்: பென்சில் கோடு சிவப்புக் கோட்டின் மேல் மட்டும்தான் போகலாம். ஒரு கட்டத்தை நடுவில் வெட்ட அதற்கு உரிமை இல்லை.

அதனால் செய்தி வரும்போது இப்படிச் செய்யுங்கள். செய்தியோடு பொருந்தாத சீட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு சிவப்புக் கட்டமாகப் பாருங்கள். கட்டத்தில் எல்லாச் சீட்டும் கவிழ்ந்திருந்தால் அந்தக் கட்டம் செத்தது. ஒரே ஒரு சீட்டாவது நிமிர்ந்திருந்தால், அந்தக் கட்டத்தில் கவிழ்த்த மற்றச் சீட்டுகளையும் திரும்ப நிமிர்த்திவிட வேண்டும். இந்த இரண்டாவது பாதியைச் செய்யக் கை கூசும். செய்யுங்கள். அதுதான் விஷயமே.

என் காகிதத்தில் செய்து பார்ப்போம். ஆறு மணி: “ஜாம் இல்ல.” ஜாம் சீட்டைக் கவிழ்க்கிறேன். அது இருக்கும் கட்டத்தில் கண்டன்சர் இன்னும் நிமிர்ந்திருக்கிறது. கட்டம் சாகவில்லை. ஆகவே ஜாம் சீட்டைத் திரும்ப நிமிர்த்துகிறேன். ஆள் கூப்பிட வேண்டுமா என்ற என் கேள்வியில் ஒரு மாற்றமும் இல்லை. அண்ணன் சொன்னதை “சரிண்ணே” என்று கேட்டுக்கொண்டு உள்ளே போய்க் குக்கரை வைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஏழரை: “கண்டன்சர் ஜம்முன்னு இருக்கு.” கண்டன்சர் சீட்டைக் கவிழ்க்கிறேன். அதே கட்டத்தில் ஜாம் நிமிர்ந்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் நானே நிமிர்த்தி வைத்தது. கட்டம் சாகவில்லை. கண்டன்சரும் நிமிர்கிறது. மூன்று சீட்டும் ஐந்தரை மணிக்கு எப்படி இருந்ததோ அப்படியே. போனை எடுத்தேன்.

இப்போது அண்ணனும் மாமாவும் ஒன்றாக வந்து, ஒரே மூச்சில், “ஜாமும் இல்ல, கண்டன்சரும் நல்லா இருக்கு” என்று சொல்லியிருந்தால்? இரண்டு சீட்டும் ஒரே நேரத்தில் கவிழும். கட்டம் சாகும். மிச்சம் வோல்டேஜ். 500 ரூபாய் மிச்சம்.

சாதாரண எபிஸ்டெமிக் லாஜிக்கில் இந்த வித்தியாசமே வராது. மோட்டார் ஷாஃப்ட் மாதிரி வெளி விஷயங்களைப் பற்றிய இரண்டு செய்தி அடுத்தடுத்து வந்தாலும் சேர்ந்து வந்தாலும் முடிவு ஒன்றுதான். கேள்வி வழியாக வடிகட்டும் ஆளுக்கு அப்படியில்லை. தனித்தனியாக வந்தால் இரண்டும் பூஜ்யம். இதை வகுப்பில் சீட்டு வைத்துச் செய்து காட்டும்போது, “மேடம், ஏமாத்துறீங்க” என்று ஒரு பையன் எழுந்தே விட்டான். அவனையே கூப்பிட்டுச் சீட்டைக் கவிழ்க்கச் சொன்னேன்.

இதற்குப் பரிகாரம், செய்தியைக் கேட்பதற்கு முன்னால் கேள்வியைச் சின்னதாக்கிக்கொள்வது. “ஆள் கூப்பிடணுமா?” என்பதை “எது பழுது?” என்று மாற்றுங்கள். இரண்டு கட்டம் மூன்றாகும். கட்டத்துக்கு ஒரு சீட்டு. ஆறு மணிக்கு ஜாம் கட்டம் செத்துவிடும், மறுபடி நிமிராது. ஏழரைக்குக் கண்டன்சர் கட்டம் சாகும். அண்ணனோ மாமாவோ புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை, நானும் புதிதாக எதையும் பார்க்க வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன் தம்பியின் மனதில் வரும்போதே இருந்த கேள்வி அதுதான். அதற்காக எப்போதும் பொடிப்பொடியான கேள்வியோடு திரிய முடியாது. கட்டம் கூடக்கூட மனதில் சுமக்க வேண்டியதும் கூடும். நான் செய்வது, முடிவெடுக்க வேண்டிய கேள்வியை முதலில் எழுதி, பிறகு ‘இந்தக் கட்டத்துக்குள் ஒன்றுக்கு மேல் சீட்டு இருக்கிறதா?’ என்று மட்டும் பார்ப்பேன். இருந்தால், அந்தச் சீட்டுகளைப் பற்றித் தனித்தனி ஆட்களிடமிருந்து செய்தி வரப்போகிறதா என்று பார்ப்பேன். இரண்டுக்கும் ஆமாம் என்றால் அந்தக் கட்டத்தை மட்டும் பிரிப்பேன்.

எல்லோரும் கூடிப் பேசினால்?

பேசினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். வரைந்து பாருங்கள். அண்ணனையும் மாமாவையும் மாடிப்படியில் நிற்க வைத்து ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். அண்ணன் வளையத்தில் வோல்டேஜும் கண்டன்சரும். மாமா வளையத்தில் வோல்டேஜும் ஜாமும். இரண்டு வளையத்துக்கும் பொதுவாக இருப்பது வோல்டேஜ் மட்டும். பாடப்புத்தகத்தில் இதைக் குழுவில் பகிர்ந்து கிடக்கும் அறிவு என்பார்கள்: தனித்தனியாக யாருக்கும் தெரியாது, இரண்டு பேரையும் சேர்த்தால் இருக்கிறது. பேசிக்கொண்டால் அது வெளியே வந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை.

புது விதிப்படி, மாமாவிடம் அண்ணன் “ஜாம் இல்ல சார்” என்கிறார். மாமா காகிதத்தில் ஜாம் கவிழ்கிறது. அதே கட்டத்தில் வோல்டேஜ் நிமிர்ந்திருக்கிறது. ஜாம் திரும்ப நிமிர்கிறது. மாமா அண்ணனிடம் “கண்டன்சர் நல்லா இருக்குப்பா” என்கிறார். அங்கேயும் அதே கதை. விடிய விடியப் பேசினாலும் வோல்டேஜ் என்று இருவரில் ஒருவருக்கும் வராது. நானாவது ஒரே மூச்சில் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அவர்களுக்கு எந்த வரிசையில் சொன்னாலும் பலன் இல்லை, ஏனென்றால் வோல்டேஜைத் தனியாகப் பிரிக்கும் கோடு அவர்கள் இருவர் காகிதத்திலும் கிடையாது. அதனால் ஆட்களைக் கூட்டுவதற்கு முன்னால் எல்லாருடைய சிவப்புக் கோடுகளையும் ஒரே காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வருகிற கட்டங்களை எல்லோருக்கும் பொதுக் கேள்வியாக முதலில் சொல்லிவிடுங்கள். தகவல் பரிமாற்றம் அதற்கப்புறம்.

நிஜ மாமா இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதி கறாரானது. நிஜ மனிதர்களிடம் கேள்விக்கு வெளியே விழுந்ததும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல நான் இதைப் பயன்படுத்துவதில்லை. எல்லோரும் எல்லாம் சொன்ன பிறகும் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று தேடும்போது மட்டும் எடுப்பேன்.

இந்தச் செய்தி பொருத்தமா என்று சோதிக்கவும் இதே படம் போதும். ஒரு கட்டமாவது செத்தால் பொருத்தம். போனில் எலக்ட்ரீஷியன் தம்பியிடம் “உடனே வர முடியுமாப்பா?” என்றேன். “வண்டி பஞ்சர்க்கா” என்றார். வருவேன், வரமாட்டேன் என்ற இரண்டில் எதையும் அவர் சொல்லவில்லை, ஆனாலும் ‘உடனே’ என்ற கட்டம் செத்தது. நன்னூல் இதை உற்றது உரைத்தல் என்று விடைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

எந்தச் சீட்டை மேசைக்குக் கொண்டுவருவது

இதுவரை மூன்று சீட்டு என்று நானே முடிவு செய்தேன். காயில் எரிந்திருக்கலாம், மோட்டாருக்குக் கரண்ட் வரும் ஒயரை எலி கடித்திருக்கலாம். அவற்றை ஏன் விட்டேன்?

இதில் எல்லோரும் சொல்லும் உதாரணம் தத்துவக்காரர் ஃப்ரெட் டிரெட்ஸ்கே 1970இல் எழுதிய வரிக்குதிரை. மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளையை அழைத்துப்போகிறீர்கள். கூண்டில் வரிக்குதிரை. அது வரிக்குதிரை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும். சரி, அது வரிக்குதிரை மாதிரியே சாமர்த்தியமாகப் பெயின்ட் அடித்த கோவேறு கழுதை இல்லை என்று தெரியுமா? பக்கத்தில் போய்ச் சோதித்தீர்களா? இல்லையே. டிரெட்ஸ்கே சொன்னது: முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது, அப்படியும் இருக்கலாம்; ஒன்று தெரிந்தால் அதிலிருந்து வருவதெல்லாம் தெரிந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சாதாரண நாளில் மேசையில் இருக்கும் சீட்டு வரிக்குதிரை, புலி, ஒட்டகம். பெயின்ட் கழுதைக்குச் சீட்டே இல்லை.

இன்னொரு தத்துவக்காரர் டேவிட் லூயிஸ் 1996இல் இதையே வேறு பக்கமாகத் திருப்பினார். சில சாத்தியங்களை ஒதுக்கிவைக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் புள்ளி வைத்த சீட்டை, அதாவது நிஜ நிலைமையை, எந்தக் காலத்திலும் ஒதுக்க முடியாது. யாராவது ஒன்றைப் பேச்சில் எடுத்துவிட்டால் அதையும் ஒதுக்க முடியாது. அதனால் “பெயின்டா இருந்தா?” என்று கேட்ட நிமிடமே மேசையில் ஒரு சீட்டு கூடிவிடும், ஒரு நிமிடம் முன்னால் தெரிந்திருந்தது இப்போது தெரியாமல் போகும். டிரெட்ஸ்கேயா லூயிஸா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்கு வரைவதற்கு லூயிஸ் வசதி. காகிதத்தின் மூலையில் தேதியும் மணியும் எழுதிவிடுவேன். புதுச் சீட்டு வந்தால் பழைய படத்தைத் திருத்த மாட்டேன், புதுக் காகிதம் எடுப்பேன். ஏழரை மணிப் படமும் மறுநாள் படமும் வேறு வேறு.

ஆனால் கேட்டவர் கேட்டதற்கெல்லாம் சீட்டு எழுதினால் முடிவே வராது. என் கையிருப்பு விதி இது. புதுச் சீட்டு, ஏற்கெனவே மேசையில் உயிரோடு இருக்கும் சீட்டை விட்டு வேறு சிவப்புக் கட்டத்தில் விழ வேண்டும். அதோடு, கையில் இருக்கும் எந்தச் செய்தியும் அதைக் கவிழ்க்கக் கூடாது. இரண்டும் சரி என்றால் எழுதுவேன். எலி இந்தச் சோதனையில் தேறவில்லை: கரண்ட் வரும் ஒயர் அறுந்திருந்தால் உறுமல் சத்தமே வந்திருக்காது. காயில் எரிந்திருந்தால் அந்த நாற்றம் மோட்டார் ரூமைத் தூக்கியிருக்கும், வரவில்லை. இரண்டுக்கும் சீட்டு இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் 500 ரூபாய்க் கணக்கைப் படித்தபோது மாமா எழுந்தார். “170ன்னு காட்டினது தெருவிலேயே குறைஞ்சதுனாலன்னு எப்படிச் சொல்றே? நம்ம மீட்டர் பெட்டியிலேயே ஒரு கனெக்‌ஷன் லூஸா இருந்தாலும் லோடு ஏறும்போது குறையுமே?”

முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் மனதுக்குள் சோதனையைப் போட்டுப் பார்த்தேன். வோல்டேஜ் என்று ஒரே சீட்டாக நான் எழுதியது இரண்டாகிறது: தெருவில் குறைவு, நம் பெட்டியில் லூஸ். தெருவில் என்றால் காத்திருக்கலாம். பெட்டியில் என்றால் ஆள் கூப்பிட வேண்டும், அதுவும் சீக்கிரம், சூடேறிக் கருகும். வேறு கட்டம். பதினோரு மணிக்கு மேல் ஓடியது என்ற செய்தி இதைக் கவிழ்க்குமா? கவிழ்க்காது, ராத்திரி எங்கள் லோடும்தானே குறைந்திருக்கும். விதிப்படி சீட்டு எழுதியே ஆக வேண்டும். அன்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தது புதுக் காகிதத்தில் தெரியாததாகிவிட்டது.

சீட்டைக் கவிழ்க்க என்ன செய்தி வேண்டும் என்பதும் படத்திலேயே இருக்கிறது. அந்த ஞாயிறு சாயங்காலம் எதிர் ஃப்ளாட்டிலும் மோட்டார் உறுமியதா? உறுமியிருந்தால் தெரு. மறுநாள் காலையில் பால் வாங்கும்போது எதிர் ஃப்ளாட் வாட்ச்மேனைப் பிடித்தேன்.

“அண்ணே, போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க மோட்டாரும் ஓடலையா?”

“ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போயிடுவேம்மா.”

இதுவும் உற்றது உரைத்தல்தான். ஒரு கட்டமும் சாகவில்லை. சீட்டு இரண்டும் டேபிளில் நிமிர்ந்தே கிடக்கின்றன. மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கத் தம்பி வியாழக்கிழமை வருகிறார்.